மாஸ்டர் எப்படி விழுவார்?

மோர்ட்டல் கோம்பாட் விளையாடியவர்களில் ஜானி கேஜைத் தெரியாதவர் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, உடம்பு முழுக்க அலட்டல், சட்டென்று காலை விரித்து உட்கார்ந்து எதிராளியின் இடுப்புக்குக் கீழே இறக்கும் அந்த அநியாயக் குத்து. சரி, டேனியல் பெசினாவைத் தெரியுமா என்று கேளுங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். ஜானி கேஜாக கேமரா முன்னால் நின்றவர் அவர்தான். ஸ்கார்ப்பியனும் அவர்தான், சப்-ஸீரோவும் அவர்தான், ஒளிந்திருந்து வரும் ரெப்டைலும் அவர்தான். நிஞ்ஜா உடுப்பில் ஒரே ஆளைப் படம் பிடித்து, துணியின் நிறத்தை மட்டும் கம்ப்யூட்டரில் மஞ்சள், நீலம், பச்சை என்று மாற்றி மூன்று பேராக்கிவிட்டார்கள். அது 1992.

பிற்பாடு பெசினா வழக்குப் போட்டார். கடைகளில் நிற்கும் பெரிய மெஷினுக்குத்தான் நடித்தேன், வீட்டு கேம்களிலும் என்னை வைத்துக் காசு பார்க்கச் சம்மதிக்கவில்லை என்பது அவர் கட்சி. 1996இல் தோற்றார். அந்த வழக்கில் பேசப்பட்ட ஒரு கணக்கு எனக்கு மறக்கவே மறக்காது. மோர்ட்டல் கோம்பாட் விளையாடும் 306 பேரிடம் விசாரித்ததில் 6 சதவீதம் பேர்தான் ஜானி கேஜ் என்பது பெசினா என்று அடையாளம் சொன்னார்களாம். ஆளையே அடையாளம் தெரியாதபோது ஆளைத் திருடினதாக எப்படிச் சொல்வது என்கிற மாதிரி போனது வாதம்.

முகம் தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உதை யாருடையது? அந்த நிற்பு யாருடையது?

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச காலமாக எங்கள் பக்கத்துச் சிலம்ப மாஸ்டர் ஒருவரைச் சண்டை கேம் கேரக்டராக்கிக்கொண்டு இருக்கிறேன். 'எங்கள் பக்கம்' என்றால் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், கோலசிலாங்கூர் வட்டாரம். பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், மேரி என்று தோட்டப் பெயர்களைச் சொன்னால்தான் இங்கே யார் வீட்டுப் பிள்ளை என்று பிடிபடும். பால்மரம் போய் செம்பனை வந்து, லயத்து வீடு போய் தாமான் வீடு வந்த பிறகும் சிலம்பம் மட்டும் போகவில்லை. கோயில் திடலிலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் சாயங்காலம் கம்பு சுற்றுகிறார்கள். பொம்பளைப் பிள்ளைகள் நிறையப் பேர்.

கேம் பக்கம் வருகிறேன். இதைச் செய்ய நான் வைத்திருப்பது மூகென். எலெக்பைட் என்கிற குழு 1999இல் வெளியிட்ட இலவச எஞ்சின். 'உன் கேரக்டரை நீயே செய்துகொள்' என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கூடவே கொடுத்தது குங்ஃபூ மேன் என்கிற ஒரே ஒரு ஆளை. மிச்ச ஆயிரக்கணக்கான பேரையும் உலகம் முழுக்க இருக்கிற பொடியன்கள்தான் செய்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அது சைபர் கஃபே காலத்தில், யாரோ எழுதிக் கொடுத்த சிடியில் வந்தது. இப்போது இக்கெமென் கோ என்று அதே கோப்புகளை ஓட்டும் புதிய எஞ்சினும் இருக்கிறது. செய்முறை மாறவில்லை.

எல்லாப் பொடியன்களும் முதலில் செய்வது தலை வெட்டுத்தான். குங்ஃபூ மேன் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, வகுப்புப் படத்திலிருந்து டிசிப்ளின் வாத்தியார் தலையை வெட்டி ஒட்டுவது. பத்து நிமிஷம் சிரிப்பு. அதற்கப்புறம் அந்த கேரக்டரை யாரும் எடுத்து ஆட மாட்டார்கள். ஏன்? நடை வாத்தியாருடையது இல்லை, நிற்பு வாத்தியாருடையது இல்லை. வாத்தியார் முகமூடி போட்ட குங்ஃபூ மேன்தான் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜோர்டன் மெக்னர். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கராத்தேகா என்ற கேமைச் செய்து 1984இல் வெளியிட்டார். தன் கராத்தே வாத்தியாரை சூப்பர் 8 கேமராவில் படம் பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து எடுத்தார். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் முகம் என்பதே நாலைந்து புள்ளிதான். மூக்கு எது, வாய் எது என்று தெரியாது. ஆனால் உதைக்கும்போது உதைப்பது ஒரு மனிதன் என்று தெரியும். 1989இல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்குத் தம்பியை ஓடவிட்டுப் படம் பிடித்தார். இன்றைக்கு அதை ஆடினாலும் அந்தத் தம்பி ஓடுவது தெரிகிறது. மோர்ட்டல் கோம்பாட்டுக்கு முன்னாலேயே 1990இல் அட்டாரியின் பிட்-ஃபைட்டர் அசல் ஆட்களின் படத்தைப் போட்டுச் சண்டை கேம் கொண்டுவந்தது. முகம் எல்லாம் இருக்கும். ஆனால் ஆள் வெட்டி வெட்டி நகர்வார். அதில் எனக்கு ஒட்டவே இல்லை.

நம்ம ஆள் ஒருத்தர் 1991லேயே சண்டை கேமில் இருக்கிறார், தெரியும்தானே? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் தால்சிம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, ரப்பர் மாதிரி நீளும் கை, வாயில் நெருப்பு. சின்ன வயதில் அவரைத்தான் எடுத்து ஆடினோம், வேறு ஆள் இல்லையே. அவருக்குப் பின்னால் எந்த மனிதரும் கேமரா முன் நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்த மாலையைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்திருப்பாரா?

சரி, வேலைக்கு வருவோம். சிலம்ப மாஸ்டரைப் படம் பிடிப்பதில் முதல் தலைவலி கம்பு.

கைபேசியை நிறுத்தி வைத்து, விநாடிக்கு 240 ஃபிரேம் ஓடும் ஸ்லோ மோஷனில் மாஸ்டரைச் சுற்றச் சொல்லிப் பிடித்தால், கம்பு வில் மாதிரி வளைந்து தெரியும். பிரம்பு வளையவில்லை. கைபேசி கேமரா படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறது. மேல் வரி படிக்கும்போது கம்பு நுனி ஓரிடத்தில் இருக்கும், கீழ் வரிக்கு வருவதற்குள் கம்பு வேறிடத்துக்குப் போயிருக்கும். வெயிலில் ஷட்டரைக் கூட்டினால் மங்கல் குறையும், வளைவு போகாது. மாஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, என் கம்பை வாழைப்பழம் ஆக்கிட்ட" என்றார்.

வேறு வழி, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி நிறுத்திப் பிடிப்பது. கம்பு நேராக வரும். ஆனால் மாஸ்டர் செத்துப்போவார். அதாவது சுற்றும்போது முதுகில் இருக்கிற முறுக்கு, நிறுத்திய நிலையில் இல்லை. இடுப்பில் கட்டிய சிவப்புத் துணி சுற்றும்போது பக்கவாட்டில் பறக்கும், நிறுத்தினால் தொங்கும். கால் கட்டைவிரல்கூட மாறும். வீசும்போது மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும், போஸ் கொடுக்கும்போது சும்மா கிடக்கும். கேம் ஆடுகிறவன் இதையெல்லாம் கவனிக்க மாட்டான் என்று நினைக்காதீர்கள். என்ன குறை என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது, 'ஏதோ பொம்மை மாதிரி இருக்குண்ணே' என்பான்.

கடைசியில் உடம்பை ஓடும் வீடியோவிலிருந்து எடுத்து, வளைந்த கம்பை அழித்துவிட்டு, இரண்டு கைக்கும் நடுவே நேர்கோடாகக் கம்பை நானே வரைந்தேன். வேகச் சுற்றுக்குக் கம்பு கிடையாது. விசிறி மாதிரி ஒரு மங்கல்தான். மூகென் விநாடிக்கு 60 துடிப்பில் ஓடுகிறது. ஒரு சுற்றைப் பத்துப் பதினைந்து துடிப்பில் முடிக்கவேண்டும். அதற்குள் கம்பைத் தனித்தனியாகக் காட்டினால் கண் குழம்பி, சில நேரம் கம்பு பின்பக்கமாகச் சுற்றுகிற மாதிரிகூடத் தெரியும். சைக்கிள் சக்கரத்தில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பச்சை. பின்னணியை வெட்டி எடுக்கப் பச்சைத் துணி கட்டுவது வழக்கம். எங்களுக்குத் துணியே வேண்டாம், திரும்பின பக்கமெல்லாம் செம்பனைதான் என்று நினைப்பீர்கள். அதுதான் வம்பு. செம்பனை ஓலையின் பச்சை ஒரே பச்சை இல்லை, நூறு பச்சை. வெயிலில் அது மாஸ்டரின் கையிலும் கன்னத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நம்ம நிறத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வகை கோப்பில் ஒரு கேரக்டருக்கு 256 நிறம்தான், அதில் ஒன்று 'ஒன்றுமில்லை'க்குப் போய்விடும். மென்பொருளின் கையில் விட்டால் பாதி நிறத்தைத் துணிக்கும் கம்புக்கும் வாரிக் கொடுத்துவிட்டு, தோலுக்கு இரண்டு மூன்று பழுப்பைத் தூக்கிப் போடும். உச்சி வெயிலில் எடுத்த படமென்றால் முகம் ஒரே கறுப்பு அப்பலாகிவிடும். தோலுக்கு என்று தனியாக நிறம் ஒதுக்கி, கையாலேயே அடுக்கினேன். அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. இரண்டாம் ஆட்டக்காரர் அதே மாஸ்டரை எடுத்தால் இடுப்புத் துணி நிறம் மட்டும் மாறும், தோல் மாறாது. பெசினாவை மூன்று நிஞ்ஜாவாக்கிய அதே வித்தைதான்.

மேகமூட்டமான காலைதான் நல்லது. நிழல் விழாது. மழை வந்தால் திடல் சேறு. அது வேறு கதை.

அப்புறம் கண்ணாடிக் கோளாறு. கேரக்டர் வலது பக்கம் பார்ப்பதை மட்டும் செய்தால் போதும், இடது பக்கம் திரும்பினால் எஞ்சின் படத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் சகாட்டின் கண்கட்டு பக்கம் மாறுவதும், மோர்ட்டல் கோம்பாட்டில் கேனோவின் இரும்புத் தகடு ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவுவதும் இதனால்தான். மாஸ்டரின் சட்டையில் சிலம்பக் குழுவின் பெயர் தமிழில் இருந்தது. திரும்பினால் எழுத்தும் திரும்பிவிடும். எழுத்தை எடுத்துவிட்டேன். ஆனால் கை? சிலம்பத்தில் எந்தக் கை முன்னால், எந்தக் கால் முன்னால் என்பது சாதாரண விஷயமில்லை. திரும்பினால் மாஸ்டர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் படம் என்றால் வேலை இரட்டிப்பு. மாஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டு கையிலயும் சுத்தத் தெரியாதவன் என்னா மாஸ்டர்?" என்று சொல்லிவிட்டார். பிரச்சினை அத்தோடு முடிந்தது.

கேம் ஆடாதவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: படத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கின்றன. சிவப்புப் பெட்டி அடிக்கும் இடம், நீலப் பெட்டி அடிவாங்கும் இடம். சிவப்பு நீலத்தில் பட்டால் அடி. கம்பு நெடுகச் சிவப்புப் பெட்டி போட்டேன். கம்புக்கு நீலப் பெட்டி போடலாமா? போட்டால், கம்பில் அடி பட்டாலே மாஸ்டருக்கு உயிர் குறையும். கம்போடு கம்பு மோதினால் அது அடி இல்லை, உடம்பைத் தொட்டால்தான் அடி. ஆக கம்புக்கு நீலம் கிடையாது. இப்போது மாஸ்டர் தூரத்திலிருந்து அடிப்பார், திருப்பி அடிக்க ஒன்றுமே இருக்காது. ஆடிப் பார்த்த பையன்கள் கத்தினார்கள், 'சீட்டிங்' என்று. மாஸ்டரிடமே முறையிட்டோம். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "உள்ள பூந்துட்டா கம்புக்காரன் காலி தம்பி. அதை வைக்கலையா நீ?" வைத்தேன். நெருங்கி வந்துவிட்டால் அவருடைய பெரிய வீச்சுகள் எல்லாம் தாமதமாகத்தான் கிளம்பும். கம்பின் அடிக்கட்டையால் குத்துவது ஒன்றுதான் கைகொடுக்கும். அதற்குப் பிறகு ஆட்டம் சமமானது. புத்தகத்தில் படித்து இதைச் செய்திருக்க முடியாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

மூகெனில் ஒவ்வொரு நிலைக்கும் எண் உண்டு. நிற்பது 0, நடப்பது 20, தடுப்பது 120இலிருந்து. 5000 தொடங்கி வரும் வரிசை முழுக்க அடிவாங்குவது. முகத்தில் பட்டது, வயிற்றில் பட்டது, குனிந்திருக்கும்போது பட்டது, காற்றில் பட்டது, கால் வாரிவிட்டது, மல்லாந்து விழுவது, தரையில் மோதி எம்புவது, எழுந்திருப்பது, கடைசியில் எழுந்திருக்காமலே கிடப்பது. எண்ணிப் பார்த்தால் ஒரு கேரக்டர் அடிக்கிற படங்களுக்குக் குறையாமல் அடிவாங்குகிற படங்கள் இருக்கும். விதிவிலக்கே கிடையாது. சண்டை கேமில் இருக்கவேண்டுமென்றால் தோற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் போய் எப்படிச் சொல்வது? பிள்ளைகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்பை எடுப்பார்கள். அவரைத் திடலில் நிற்கவைத்து, 'மாஸ்டர், இப்ப வயித்துல குத்து வாங்கின மாதிரி' என்று நான் சொல்ல வேண்டும்.

"விழுறதையும் புடிக்கணுமா?" என்றார்.

"ஆமாங்க மாஸ்டர். எல்லா கேரக்டரும் விழும்."

"வேற ஆளை விழ வெச்சு என் தலையை ஒட்டிக்க முடியாதா?"

முடியும். நிறையப் பேர் செய்வது அதுதான். நான் முடியும் என்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குங்ஃபூ மேன் விழுகிற படங்களைக் காட்டச் சொன்னார். மடிக்கணினியில் காட்டினேன். கைகால் பரத்தி, முதுகு தட்டையாகத் தரையில் மோதி விழுவார் அவர். மாஸ்டர் முகம் சுளித்தார். "இப்படி விழுந்தா மண்டை ஒடையும். நான் இப்படி விழ மாட்டேன்."

இன்னொரு நாள், பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வரச் சொன்னார். கோயில் திடலில் பழைய மெத்தை ஒன்றைப் போட்டு, அவர் எப்படி விழுவார் என்று காட்டினார். முதலில் இடுப்பு இறங்குகிறது. தாடை நெஞ்சோடு ஒட்டுகிறது. தோள் வழியாக உருண்டு போகிறார். இதெல்லாம் எந்தத் தற்காப்புக் கலையிலும் உண்டு. நான் எதிர்பார்க்காதது கம்பு. உருளும்போது கம்பை உடம்பிலிருந்து விலக்கி, வெளிப்பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். கம்பு உடம்புக்கு அடியில் மாட்டினால் விலா போகும். கம்பை விட்டால் அடுத்த அடி வாங்கியாக வேண்டும். ஆகவே விடுவதில்லை. உருண்டு முடிக்கும்போது கம்பு ஏற்கெனவே எதிராளி பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அறுபதைத் தாண்டிய மனிதர். போதும் போதும் என்று நான் சொல்லும்வரை விழுந்துகாட்டினார்.

இப்போது என் கேமில் மற்ற கேரக்டர்கள் விழுவது ஒரு மாதிரி, மாஸ்டர் விழுவது ஒரு மாதிரி. 5000 வரிசை முழுவதையும் அவர் உடம்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். எழுந்திருக்காமல் கிடக்கும் கடைசிப் படம் மட்டும் வேண்டாம் என்றார். தோற்றால் உட்கார்ந்துகொள்வார், கம்பு மடியில். எஞ்சினுக்கு அது போதும். அந்த எண்ணில் ஏதோ ஒரு படம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

மோர்ட்டல் கோம்பாட் நடிகர்களும் இப்படித்தான் விழுந்து விழுந்து கொடுத்தார்கள். தோற்றவரின் இதயத்தைப் பிடுங்குவதையும் முதுகெலும்போடு தலையைப் பிடுங்குவதையும் கம்பெனி தன் பாட்டுக்குச் சேர்த்தது. அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் 1993 கடைசியில் அமெரிக்க செனட் குழுக்களே கூடி விசாரித்தன, அடுத்த வருஷம் கேம்களுக்கு வயது முத்திரை வந்தது. பெசினா ஒருவர் மட்டுமல்ல, சோன்யாவாக நடித்த எலிசபெத் மலெக்கி, இரண்டாம் பாகத்தில் கிட்டானா, மிலீனா, ஜேட் மூவராகவும் நடித்த காட்டலின் ஜமியார், ஷாங் சுங்காக வந்த ஃபிலிப் ஆன் ஆகியோரும் வழக்குப் போட்டார்கள். 1997இல் அதுவும் தோற்றது. வீடியோ எடுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், பதிப்புரிமை கம்பெனிக்கு, இனி உங்களுக்குப் பேச்சில்லை என்பது சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நிற்பதற்குக் கொடுத்த கையெழுத்தும் விழுவதற்குக் கொடுத்த கையெழுத்தும் ஒன்றல்ல. தலை பிடுங்கப்படுவதற்கு என்றால் மூன்றாவதாக ஒன்று வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வேறு விதமாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் வைத்து 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்று இந்திப் படம் எடுத்தபோது அவர் வழக்குப் போட, 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அவருடைய பெயர், உருவம், பேச்சு பாணி எல்லாம் அவருக்குச் சொந்தம் என்று ஏற்றுக்கொண்டது. சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதுகூட ஒரு சொத்துதான். ரஜினிக்குச் சரி. தோட்டத்து மாஸ்டருக்கு யார் வழக்குப் போடுவது? நம் நாட்டில் 2010இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக விவகாரங்களுக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்குக்குச் செய்கிற கேம் அதில் வராது. 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு அடுத்தவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு மோசமானதைப் பரப்பினால் பிடிக்கும், ஆனால் அது விஷயம் கைமீறிப் போன பிறகு. ஆகவே இது பெரும்பாலும் செய்கிறவன் நாணயத்தில்தான் நிற்கிறது.

அதனால் நானே சில முடிவுகள் எடுத்திருக்கிறேன். சிலம்பம் சுற்றும் மாணவிகள் சிலர் ஆசையாகக் கேட்டார்கள், பெற்றோரும் சரி என்றார்கள். இருந்தாலும் பதினெட்டு வயது ஆகாத யாரையும் நான் செய்வதில்லை. அடிவாங்கி விழும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எவனோ ஒருவன் எதற்கோ பயன்படுத்துவான். கோப்பைத் திறந்தால் எல்லாப் படமும் வரிசையாகக் கிடக்கும், பூட்டு கிடையாது. இப்போது ஒரே ஒரு முகப்படத்தைக் கொடுத்தால் நடக்கவும் ஆடவும் வைக்கிற செயலிகள் வந்துவிட்டன. அவை நடத்திக் காட்டுவது யாருடைய நடை? எவருடையதும் இல்லை. பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பழைய தலை வெட்டு வித்தைக்கு விலை உயர்ந்த சட்டை.

இன்னொரு வகைக் கோரிக்கை வரும். 'எங்க தாத்தா அந்தக் காலத்துல தோட்டத்துல பெரிய சிலம்பக்காரர், ஒரு படம் இருக்கு, அவரைச் செஞ்சு குடுங்கண்ணே.' படத்தைப் பார்த்தால் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. கோட்டு போட்டு, கையைத் தொடைமேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கம்பு இல்லை, கால் தெரியவே இல்லை. 'கோச்சடையான்' படத்தில் மறைந்த நாகேஷைக் கொண்டுவந்தார்களே என்று கேட்கிறார்கள். கொண்டுவந்தார்கள், 2014இல். நாகேஷுக்கு நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவர் எப்படி நடப்பார், எப்படித் தடுக்கி விழுவார் என்று ஊருக்கே தெரியும். அந்தத் தாத்தா எப்படிக் காலை வைப்பார் என்று யாருக்குத் தெரியும்? 5000 வரிசைக்கு அவரிடம் போய் எப்படிக் கேட்பது? பேரனை விழவைத்துத் தாத்தா முகத்தை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, சண்டை நடக்கிற பின்னணியில் ஒரு கோயில் மண்டபம் செய்திருந்தேன், அதன் சுவரில் அந்தப் படத்தை மாலையோடு மாட்டிவிட்டேன். கீழே பெயர், தோட்டத்தின் பெயர். குடும்பத்துக்குத் திருப்தி. இப்போது அந்தச் சுவரில் மூன்று நான்கு தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

பின்னணி என்றதும் ஞாபகம் வந்தது. கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி பீரங்கியும் லோத்தோங் குரங்குகளும் ஒரு மேடை. இன்னொன்று கம்போங் குவாந்தான் மின்மினி ஆறு. அங்கே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, பூச்சிக்குக் கெடுதல். ஆகவே படம் எடுக்கவில்லை, மரத்தை வரைந்தேன். மின்மினிகள் எல்லாம் ஒன்றாக, விநாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை சிமிட்டும். 60 துடிப்பில் கணக்குப் போட்டால் 20 துடிப்புக்கு ஒரு சிமிட்டல். எஞ்சினுக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கிறது.

மாஸ்டரின் கேரக்டரை இன்னும் வெளியே விடவில்லை. தடுப்பு நிலைகளில் சில பாக்கி. அவர் ஒரு தடவை பேரனோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தார், தன்னையே எடுத்துக்கொண்டு தோற்றார், பட்டன் சரியில்லை என்றார்.

இதைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் செல்ஃபி அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுப்பாதீர்கள், அதை வைத்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் சிலம்பமோ குத்துவரிசையோ தெரிந்த பெரியவர் இருந்தால், அவரிடம் முதலில் கேளுங்கள். விழுவதையும் படம் பிடிப்போம் என்பதைச் சொல்லிவிட்டே கேளுங்கள். சரி என்றால் மேகமூட்டமான ஒரு காலையில் அழைத்து வாருங்கள். பச்சைச் சட்டை வேண்டாம், எழுத்துப் போட்ட சட்டையும் வேண்டாம். மெத்தை நான் கொண்டுவருகிறேன்.